16 லிட்டர் பேட்டரி தெளிப்பான்: கலன் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தக்காளியும் வெண்டையும் மிளகாயும் வைத்திருப்பவர்கள் ஒரு மருந்துத் தெளிப்பானைக் கழித்துக்கட்டுவது, நான் பார்த்தவரை, மோட்டார் பழுதாகி அல்ல. கலனில் மயிரிழை விரிசல் விழுந்து முதுகில் மருந்து கசியத் தொடங்கிய பிறகுதான். ஆகவே, சென்ற கோடையிலிருந்து எங்கள் தோட்டத்தில் இருக்கும் இந்தத் தெளிப்பானை அதன் கலனை வைத்தே மதிப்பிடுகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 12 வோல்ட் பேட்டரி ஒரு நாள் வேலைக்குப் போதும், முனைகள் சீராகத் தூவுகின்றன, தோள்வார் மெல்லியது.

கலன் அடர் பாலிஎத்திலீனால் ஆனது. இந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மடிந்து மடிந்து மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கப்பட்டிருக்க, தகடுகளுக்கு நடுவே ஒழுங்கற்ற பகுதிகள் இருக்கின்றன; ஒரு தகட்டிலிருந்து புறப்பட்டு அடுத்த தகட்டுக்குள் நுழையும் சில சங்கிலிகளே இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. கலனை வேகமாக இழுத்தால் பொருள் வெளுத்து நீளும். ஆனால் ஒரு போல்ட்டின் அழுத்தமோ வளைவில் தங்கிய இழுவிசையோ மாதக்கணக்கில் விடாமல் இருந்தால், அந்த இணைப்புச் சங்கிலிகள் ஒவ்வொன்றாகச் சிக்கல் அவிழ்ந்து தகடுகளிலிருந்து உருவிக்கொள்கின்றன. நுண்ணிய வெற்றிடங்களும் அவற்றின் குறுக்கே இழைகளும் தோன்றுகின்றன. இழைகள் அறுந்ததும் விரிசல் சற்றே முன்னேறுகிறது. உடைந்த விளிம்பு நீளாமல், கண்ணாடி உடைந்ததுபோல் தெளிவாக இருப்பது இதனால்தான்.

நம் வேலையில் இதை விரைவுபடுத்துவது மருந்தோடு கலக்கும் ஒட்டு திரவம். சோப்பு வகையைச் சேர்ந்த அது பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை. தகடுகளுக்கு இடையிலுள்ள ஒழுங்கற்ற பகுதியில் ஊடுருவி, சங்கிலிகள் வழுக்கி விலக வழிசெய்கிறது. பாலிஎத்திலீனின் விரிசல் தாங்கும் திறனைச் சோதிக்கும் கூடங்களிலும், கீறல் இட்ட பட்டைகளை வளைத்து, 50 டிகிரி வெப்பத்தில் நானைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற சோப்புத் திரவத்தில்தான் ஊற வைக்கிறார்கள். பயிர் மருந்துகளில் நனைப்பானாகச் சேர்க்கப்பட்டு வந்ததும் இதே குடும்பத்துச் சேர்மங்கள்தாம். எங்களிடம் முன்பிருந்த வேறொரு தயாரிப்பின் கலன், வார் மாட்டும் போல்ட்டைச் சுற்றி முதலில் விண்டதில் வியப்பில்லை.

இந்தக் கலனின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. வார் மாட்டும் கொக்கிக்குத் துளையிடாமல், கலனோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். அடிமூலைகள் கூர்மையின்றி நன்றாக உருண்டிருக்கின்றன. விசை ஓரிடத்தில் குவியாததால் விரிசல் தொடங்க இடம் குறைவு. கடையில் கலனை அழுத்திப் பார்த்து, விறைப்பாக இருப்பதையே உறுதி என்று மெச்சுபவர்கள் உண்டு; ஆனால் படிகப் பங்கு கூடினால் விறைப்பு கூடுமே தவிர, தகடுகளை இணைக்கும் சங்கிலிகள் கூடும் என்பதில்லை. இந்தக் கலன் சற்று நெகிழ்வாகவே இருக்கிறது, அதை நான் குறையாகக் கருதவில்லை.

குறை வேறிடத்தில். அடியிலுள்ள வெளியேற்றுக் குழாயின் நட்டு, ஸ்பேனரால் இறுக்கும்படி அமைந்து, அதன் கூரிய விளிம்பு கலன் சுவரை நேரே அழுத்துகிறது. நடுவே ஓர் அகன்ற ரப்பர் வாஷர் போட்டு, கையால் இறுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கசிகிறதென்று மேலும் இறுக்கினால் விரிசலுக்கு வேண்டிய விசையை நாமே கொடுத்தவர்களாவோம்.

எல்லாம் வெயிலால் என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. புற ஊதாக் கதிர் சங்கிலிகளை வெட்டுகிறது; வெட்டுண்ட சிறு துண்டுகள் புதிதாகப் படிகத்தில் சேர்ந்து மேற்பரப்பைச் சுருங்க வைக்க, அதில் வலை போன்ற நுண்விரிசல்கள் விழுகின்றன. கருப்புக் குழாய்களில் சேர்க்கும் கரிப்பொடி இதைத் தடுக்கிறது; மஞ்சள் நிறமான இந்தக் கலனுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே மருந்து அடித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைத் தளர்த்தி, வரப்பில் விடாமல் கொட்டகை நிழலில் வைக்க வேண்டும். மிச்ச மருந்தை இரவு முழுதும் கலனில் தேக்கி வைப்பது எல்லாவற்றிலும் கெட்டது.

விரிசல் விட்ட பின் எப்பாக்ஸி பசை பூசுவது வீண். பாலிஎத்திலீனில் பசை பிடிப்பதில்லை. விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டலாம். ஆயினும் நஞ்சு சுமக்கும் கலனை அப்படி ஒட்டி மீண்டும் முதுகில் ஏற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை, சந்தையில் கிடைக்கும் மலிவான தெளிப்பான்களைவிடக் கூடுதல்தான். காய்கறிக்கு அடிக்கடி மருந்து அடிப்பவர்கள் கொடுக்கலாம், தென்னைக்கு எப்போதாவது அடிப்பவர்களுக்குத் தேவையில்லை.