பே ஏரியாவில் கூரை ஆன்டெனா: 4, 7, 11 ஏன் அடம்பிடிக்கின்றன

கூரையில் ஆன்டெனா மாட்டி ஸ்கேன் ஓடவிட்டால், ஏகப்பட்ட சேனல்களைப் பிடித்துவிட்டதாக டிவி சொல்லும். பட்டியலில் 2 இருக்கும், 5 இருக்கும், 9 இருக்கும். 4, 7, 11 மட்டும் இருக்காது. இருந்தாலும் செய்தி வாசிப்பவர் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஆன்டெனா வாங்கியவர்களின் புலம்பல் பெரும்பாலும் இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான். அடுத்து எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர். பல வீடுகளில் அது தண்டச் செலவு.

இங்கே சொல்வது சன்னிவேல், ஃப்ரீமான்ட் தூரத்துக்குப் பொருந்தும் ஓர் அமைப்பைப் பற்றி: யுஎச்எஃப், விஎச்எஃப் என்ற இரண்டு அலைப் பட்டைகளையும் பிடிக்கும் நடுத்தர அளவுக் கூட்டு ஆன்டெனா, கூரை விளிம்பில் ஜே வடிவக் குழாய், 50 அடி ஆர்ஜி6 ரக டிவி கேபிள், சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர், இரண்டு மூன்று டிவி. இதை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் எது தாங்குகிறது, எது முதலில் கெடுகிறது என்பதுதான் விஷயம். முதலிலேயே சொல்லிவிடலாம், தமிழ்ச் சேனல் எதுவும் இதில் வராது. உள்ளூர்ச் செய்தி, பிள்ளைகளுக்கு பிபிஎஸ், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் இவற்றை மாதச் சந்தா இல்லாமல் பார்க்கத்தான் இந்தப் பாடு.

திரையில் வரும் எண் வெறும் பெயர்ப்பலகை. உண்மையில் ஒளிபரப்பாகும் அலைவரிசை வேறு. 2 என்று காட்டும் கேடிவியு 31ஆம் அலைவரிசையில் வருகிறது, 5 என்று காட்டும் கேபிஐஎக்ஸ் 29இல், 9 என்று காட்டும் கேக்யூஇடி 30இல். மூன்றும் யுஎச்எஃப், 560 முதல் 578 மெகாஹெர்ட்ஸுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவை. இவை ஒளிபரப்பாகும் சான் ஃபிரான்சிஸ்கோவின் சூட்ரோ கோபுரத்தை நோக்கி எதை நீட்டினாலும் ஓரளவு வந்துவிடும். ஆனால் 4 என்று காட்டும் கேஆர்ஓஎன் இருப்பது 7ஆம் அலைவரிசையில். 7 என்று காட்டும் கேஜிஓ இருப்பது 12இல். 11 என்று காட்டும் கேஎன்டிவி 13இல். குழப்ப வேண்டும் என்றே வைத்த பெயர்கள் போல இருக்கும். இந்த மூன்றும் மேல் விஎச்எஃப், அதாவது 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் பட்டை. செல்போன் கம்பெனிகளுக்கு 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏலம் விட்டபின், 37க்கு மேல் இருந்த சேனல்களை எல்லாம் கீழே இறக்கினார்கள். அந்த வேலை 2020 ஜூலையில் முடிந்தது. கேஆர்ஓஎன் 38இலிருந்து 7க்கு வந்தது அந்த மாற்றத்தில்தான். முன்பு 4ஐக் கண்ணாடி போலக் காட்டிய யுஎச்எஃப் ஆன்டெனா இன்று அதைத் தவறவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மைல் கணக்கை நம்பாதீர்கள். 150 மைல், 200 மைல் என்பதெல்லாம் விளம்பரம். பூமியின் வளைவே அதற்கு முன்னால் மறித்துவிடும். ஓர் அளவு நாடா போதும். 210 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.4 மீட்டர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கம்பி வேண்டும். 7ஆம் அலைவரிசைக்குச் சுமார் 80 சென்டிமீட்டர், 13க்குச் சுமார் 68 சென்டிமீட்டர். ஆன்டெனாவின் பின்பக்கத்தில் அந்த அளவுக்கு நீண்ட கம்பிகள் இரண்டு மூன்றாவது இருந்தால் அது கூட்டு ஆன்டெனா. எல்லாக் கம்பியும் 25, 30 சென்டிமீட்டரிலேயே முடிந்தால் அது யுஎச்எஃப் மட்டும். பெயரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஊரில் மொட்டை மாடியில் ரூபவாகினி பிடிக்க நிறுத்திய ஆன்டெனாவில் கம்பிகள் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கும் இதுவே காரணம்.

சுவரில் ஒட்டும் தாள் ஆன்டெனா இங்கே தோற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னிய வீடுகளில் ஸ்டக்கோ பூச்சுக்கு அடியில் கோழிக்கூட்டு வலை போல் இரும்புக் கம்பி வலை இருக்கும். அது அலையை அப்படியே மறைக்கும். பரணில் வைக்கலாமா என்றால், சாதாரண ஷிங்கிள் கூரைக்கு வைத்துப் பார்க்கலாம், இழப்பு உண்டு. வெப்பத் தடுப்புக்காக அலுமினியத் தாள் ஒட்டிய பலகை போட்ட கூரைக்கு அடியில் வைப்பது வீண்.

வீட்டு உரிமையாளர் சங்கம் தடுத்தால், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் 1996 விதி உங்கள் பக்கம். உள்ளூர் ஒளிபரப்பைப் பிடிக்கும் ஆன்டெனாவை உங்களுக்கே உரிய கூரையிலோ பால்கனியிலோ வைப்பதை அவர்கள் தடுக்க முடியாது. பொதுக் கூரைக்கு இது பொருந்தாது. குழாய் கூரை மட்டத்துக்கு மேல் 12 அடியைத் தாண்டினால் பாதுகாப்புக்காக முன் அனுமதி வாங்கச் சொல்லலாம்.

அடுத்து திசை. சன்னிவேலிலிருந்து சூட்ரோ கோபுரம் சுமார் 35 மைல், உண்மை வடக்கிலிருந்து 319 பாகை. கேஎன்டிவி மட்டும் சூட்ரோவில் இல்லை, சான் புரூனோ மலையில். சன்னிவேலுக்கு அது 315 பாகை, வித்தியாசம் பொருட்டல்ல. ஃப்ரீமான்டிலிருந்து சூட்ரோ 299, சான் புரூனோ 291. எட்டுப் பாகை விலகல். அங்கே இரண்டுக்கும் நடுவில் 295இல் நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 13 பாகை கிழக்கே விலகியிருக்கிறது. போன் காம்பஸ் காந்த வடக்கைக் காட்டினால் 319க்குப் பதில் 306ஐத் தேட வேண்டும். இந்த 13 பாகையை மறந்துவிட்டு ஆன்டெனாவைக் குறை சொல்பவர்கள் நிறைய. உங்கள் வீட்டு முகவரிக்கு ரேபிட்இயர்ஸ் தளத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் திசை, தூரம், படத்துக்குத் தேவையானதுபோக எத்தனை டெசிபெல் மிச்சம் என்று பட்டியல் கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். ஆல்மடன் பள்ளத்தாக்குப் பக்கம் மலை மறைவில் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு தெரு தள்ளினாலே கணக்கு மாறிவிடும்.

"திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு, போதும் போதும்" என்று கீழிருந்து கத்தும் முறை அனலாகோடு போயிற்று. அப்போது புள்ளிகள் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். டிஜிட்டலில் படம் முழுசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ட்யூனர் பூட்டிக்கொள்ளவும் சில நொடி ஆகும். ஐந்து பாகை திருப்பி, கையை எடுத்து, பத்து நொடி காத்திருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்க வேண்டியது சிக்னல் வலு அல்ல, தரம். இங்குள்ள ஒளிபரப்பு முறைக்கு இரைச்சலைவிடச் சிக்னல் சுமார் 15 டெசிபெல் மேலே இருந்தால் படம் வரும், 14இல் ஒன்றும் வராது. 16இல் படம் வருகிறது என்று ஏணியை இறக்கிவிட்டால் முதல் மழையில் திரும்ப ஏற வேண்டியதுதான். 22, 23 கிடைக்கும்வரை தேடுங்கள். எச்டிஹோம்ரன் போன்ற நெட்வொர்க் ட்யூனர் இருந்தால் கூரையில் நின்றபடியே போனில் பார்க்கலாம். அதில் சிம்பல் குவாலிட்டி என்ற எண் 100ஐ விட்டு இறங்கினால் படம் உடையப்போகிறது என்று பொருள். திசையை 12, 13ஆம் அலைவரிசைகளை (திரையில் 7, 11) பார்த்து முடிவு செய்யுங்கள். யுஎச்எஃப் தானாக வந்துவிடும்.

பழைய சாட்டிலைட் டிஷ் கூரையில் சும்மா கிடந்தால் அதிர்ஷ்டம். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஜே குழாயில் ஆன்டெனாவை மாட்டலாம், கேபிளும் எர்த் கம்பியும் அங்கேயே இருக்கும். குழாயின் விட்டம் ஆன்டெனாவோடு வந்த யூ போல்ட்டுக்குள் போகிறதா என்று ஏறுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். டிஷ்ஷுக்கு வைத்த சுவிட்ச் பெட்டி, டிஷ் சிக்னலையும் டிவி சிக்னலையும் ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் டிப்ளெக்ஸர் எல்லாவற்றையும் வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பரணில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு டிப்ளெக்ஸர் போதும் கழுத்தறுக்க.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குழாயிலிருந்து 10 கேஜ் செம்புக் கம்பி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் மேலுறைப் பின்னலை எர்த்தோடு சேர்க்கும் கிரவுண்ட் பிளாக், இரண்டும் வீட்டு மின் இணைப்பின் எர்த்தோடு சேர வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு அதோடு நிறுத்துவது தவறு. அடித்தால் அதையும் 6 கேஜ் செம்பால் மின் இணைப்பு எர்த்தோடு சேர்க்க வேண்டும். கேபிள் உள்ளே போகும் இடத்துக்கு முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இழப்புக் கணக்கு எளிது. ஆர்ஜி6 கேபிள் 100 அடிக்கு யுஎச்எஃபில் 5 டெசிபெல்லுக்குச் சற்று மேல் தின்னும், மேல் விஎச்எஃபில் 3 போல. இருவழி ஸ்ப்ளிட்டர் 3.5, நால்வழி 7. ஒரே டிவி, 50 அடி கேபிள் என்றால் பூஸ்டர் வேண்டாம். நால்வழி பிரிக்கிறீர்கள் என்றால் வேண்டும். அதுவும் ஆன்டெனா பக்கத்தில் குழாயிலேயே, கேபிள் தின்பதற்கு முன்னால். டிவிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டர், வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். 15 முதல் 20 டெசிபெல் போதும். அதற்கு மேல் போனால், மான்யுமென்ட் பீக் முகட்டில் ஒளிபரப்புக் கோபுரங்கள் தலைக்கு மேல் நிற்கும் ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் வீடுகளில் பூஸ்டர் திணறிப்போய் எல்லாச் சேனலையும் ஒன்றாகக் கெடுக்கும். பூஸ்டருக்குள்ளேயே இரண்டு வடிகட்டிகள் இருக்க வேண்டும். ஒன்று 608 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் செல்போன் அலைக்கு. 617இலேயே அது தொடங்கிவிடுகிறது. மற்றொன்று எஃப்எம் ரேடியோவுக்கு. எஃப்எம் 88 முதல் 108 வரை. இரட்டித்துப் பாருங்கள், 176 முதல் 216. நம் 4, 7, 11 உட்கார்ந்திருக்கும் அதே இடம். திணறும் பூஸ்டர் எஃப்எம்மின் இரட்டை அலையைத் தானே உற்பத்தி செய்து கேஜிஓ மேல் கொட்டும். பூஸ்டர் வைத்தபின் 7 இன்னும் மோசமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிளில்தான் மேலே ஏறுகிறது. நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் மின்சாரத்தைக் கடத்தும் துளை வழியாகத்தான் போக வேண்டும். அடாப்டரை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் வைத்துவிட்டால் தலைவலி இல்லை. ஒருநாள் எல்லாச் சேனலும் ஒரேயடியாகப் போனால் முதலில் அந்த அடாப்டரைப் பாருங்கள். வாக்குவம் கிளீனருக்காக யாரோ பிடுங்கியிருப்பார்கள். மின்சாரம் இல்லாத பூஸ்டர், பூஸ்டரே இல்லாததைவிட மோசம். சிக்னலை அடைத்து நிற்கும்.

இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்தும் வரும், விஎச்எஃபைத்தான் குறிவைக்கும். மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், சோலார் தகடுகளுக்கு அடியில் மின்சாரத்தைச் சீராக்க இருக்கும் ஆப்டிமைசர். 11 பகலில் உடைந்து, சூரியன் மறைந்ததும் தானாகச் சரியானால் சோலாரைச் சந்தேகியுங்கள். விளக்குப் போட்டதும் கெட்டால் பல்பை. டிவி இருக்கும் இணைப்பை விட்டுவிட்டு மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்தால் அரை மணியில் ஆள் அகப்படும். தீர்வு பெரும்பாலும் ஆன்டெனாவைத் தகடுகளிலிருந்து பத்தடி தள்ளி வைப்பதுதான்.

காலப்போக்கில் கெடுவது ஆன்டெனா அல்ல, இணைப்புகள். அலுமினியக் கம்பிகள் நிறம் மங்கினாலும் வேலை செய்யும். காக்கை உட்கார்ந்து ரிவெட் தளர்ந்தால் அந்தக் கம்பி மட்டும் ஆடும். மழை பெய்த மறுநாள் தரம் 3, 4 டெசிபெல் இறங்கி, காய்ந்ததும் ஏறினால் கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பின்னல் கம்பி அரித்துப் பூத்திருக்கும். அதைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், ஓரடி வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முறுக்கி மாட்டும் கனெக்டர் வேண்டாம், அழுத்தும் கருவியில் போடும் வகைதான் நிற்கும். மேலுறையைக் கால் அங்குலம், வெள்ளைப் பகுதியைக் கால் அங்குலம் உரித்து, பின்னலின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் மடித்துவிட வேண்டும். மேலே ரப்பர் உறை, அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கறுப்பு எலெக்ட்ரிக்கல் டேப் ஒரே கோடையில் உரிந்து தொங்கும்.

காற்றில் மட்டும் உடைந்தால் யூ போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டு ரெட்வுட் மரம் வழிக்கு வளர்ந்திருக்கும். மரம் யுஎச்எஃபைத்தான் அதிகம் பாதிக்கும், ஆகவே 2, 5, 9 முதலில் ஆடினால் மரம். கோடைக் காலையில், கீழே குளிர்ந்த பனிமூட்டமும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, தூரத்து நிலையங்கள் அதே அலைவரிசையில் வழிந்து வந்து மோதும். அதற்கு வைத்தியம் கிடையாது. வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

அந்த நேரத்தில் மட்டும் மறுஸ்கேன் செய்யாதீர்கள். பல டிவிகள் பழைய பட்டியலை முழுதாக அழித்துவிட்டு, அந்த நிமிடத்தில் பிடிபட்டதை மட்டும் வைத்துக்கொள்ளும். மெனுவில் சேனலைச் சேர்க்க மட்டும் ஒரு வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சாயங்காலம்வரை பொறுங்கள்.