ஆடி மாசம் மூணு ஞாயித்துக்கிழமை, மூணு தெருக் கச்சேரி: என்னோட ரிவ்யூ

போன ஆடியில மூணு ஞாயித்துக்கிழமையும் வடசென்னைப் பக்கம் அம்மன் கோயில் கச்சேரிதான் நமக்கு. டிக்கெட் கிடையாது, மொத்த செலவே ஷேர் ஆட்டோவும் குல்ஃபியும்தான். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய ஸ்டார் கச்சேரிக்கு 2,500 ரூபா குடுத்துப் போயிருந்தேன், பாடுறவரு சுண்டுவிரல் சைஸ்ல தெரிஞ்சாரு, மூணு மணி நேரமும் ஸ்க்ரீனப் பாத்துட்டு வந்தேன், அந்தக் கடுப்புலதான் இந்தப் பக்கம் திரும்பினதே. ட்ரூப் பேரெல்லாம், அதான் பாட்டுக் குழுங்க பேரெல்லாம் போடல, ஏன்னா ஒரு ட்ரூப்ப நல்லா திட்டப் போறேன்.

முதல் வாரம் ஓட்டேரியில எங்க அத்தை வீட்டுத் தெரு. காலையில கூழ் ஊத்தி, கருவாட்டுக் குழம்பு தொட்டுக் குடிச்சிட்டு, சாயங்காலம் அதே தெருவ அடைச்சு மேடை. ஏழு மணின்னு நோட்டீஸ், ஆரம்பிச்சது எட்டே கால். "ஹலோ, செக், ஒன் டூ" மட்டும் அரை மணி நேரம். லேட்டானா லேட்டா முடிக்கலாம்ங்கறது இங்க நடக்காது, ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000-லயே ஒலி மாசு விதி வந்தாச்சு, ஸ்பெஷல் பர்மிஷன் இருந்தாதான் உண்டு, பத்தடிச்சா பேட்ரோல் வண்டி வந்து நிக்கும். அதனால அவங்க லேட் பண்ற ஒவ்வொரு பத்து நிமிஷமும் நமக்கு ரெண்டு பாட்டு போச்சு.

ஆனா அன்னைக்கு பாத்த ஒரு விஷயம் இன்னும் மனசுல ஓடுது. வழக்கம் போல பிள்ளையார் பாட்டு, அடுத்து அம்மன் பாட்டு. ரிதம் பேட் வாசிக்கறவன் சின்னப் பையன், எட்டு தட்டு இருக்கற ரோலண்ட் எலக்ட்ரானிக் பேட்ல பம்பை சத்தத்தப் போட்டு குச்சியால வெளுக்கறான். எனக்கு ரெண்டு சேர் தள்ளி உக்காந்திருந்த பூக்கார ஆயாவுக்கு சாமி வந்துடுச்சு. பாட்டு முடிஞ்சே போச்சு, பாடுறவங்க மைக்க இறக்கிட்டாங்க, கீபோர்டுக்காரர் ஒரே சுரத்த அழுத்திப் புடிச்சிட்டு நிக்கறாரு, இந்தப் பையன் மட்டும் ஆயா முகத்தயே பாத்துட்டு அடிச்சிட்டே இருக்கான், அது வேகம் எடுத்தா இவனும் எடுக்கறான், அது தள்ளாடினா இவனும் இறக்கறான், வேப்பிலை கொண்டாந்து தண்ணி தெளிச்சு கற்பூரம் காட்டி அது உக்காந்தப்புறம்தான் கடைசி அடி விழுந்துச்சு. அடுத்த நிமிஷமே டூயட் ஆரம்பிச்சிட்டாங்க, அது வேற கதை.

நடுவுல எம்ஜிஆர் வேஷக்காரர் வந்தாரு, தொப்பி, கூலிங் கிளாஸ், கையில வாட்ச், எல்லாம் கரெக்டா. அறுபது தாண்டின எங்க அத்தை விசில் அடிச்சத நான் வாழ்க்கையில முதல் தடவையா பாத்தேன்.

நானும் துண்டுச்சீட்டுல ஒரு எண்பதுகள் ராஜா டூயட் எழுதிக் குடுத்தேன். ட்ரூப் ஓனர் படிச்சுப் பாத்துட்டு மைக்லயே சொல்றாரு, "தம்பி, இன்னைக்கு பேஸ் கிட்டார் வரல, அது இல்லாம இந்தப் பாட்டப் பாடினா பாவம் சேரும்". இதுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். இந்த மாதிரி மேடைய சாதாரணமா நெனைக்காதீங்க, எஸ்பிபி சொந்தமா ட்ரூப் வச்சிருந்த காலத்துல அதுல வாசிச்சதே இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன்லாம்தான், அதுக்கும் முன்னாடி அவங்க அண்ணன் பாவலர் வரதராஜன்கூட ஊர் ஊரா மேடை ஏறினவங்க.

ரெண்டாவது வாரம் புளியந்தோப்பு பக்கம். பேனர்லயே பில்டப்பு, பின்னாடி எல்இடி திரை, புகை, நாலு டான்ஸர். சரி பெரிய கை போலன்னு முன்னாடியே போய் உக்காந்தா, பாட்டு ஓடிட்டிருக்கு, கீபோர்டுக்காரர் ரெண்டு கையாலயும் டீ கிளாஸ் புடிச்சு ஊதி ஊதிக் குடிக்கறாரு. எல்லாம் ட்ராக்கு, முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்சது! பாடுறதாவது லைவ்வான்னு பாத்தா, பாடகர் பாதி வரியில வந்த விஐபிக்கு வணக்கம் வைக்கறாரு, பாட்டு அது பாட்டுக்கு போயிட்டிருக்கு. இதுல பாட்டுக்குப் பாட்டு பொன்னாடை, "அண்ணன் சார்பாக 500 ரூபாய் அன்பளிப்பு" அறிவிப்பு வேற. மிமிக்ரி மட்டும் ஓகே, அதே பழைய குரலுங்கதான், ஆனா முன் வரிசை பசங்க உருண்டு பொரண்டு சிரிச்சாங்க, அதப் பாத்து நானும் சிரிச்சேன். ஒன்பதரைக்கு கரண்ட் போச்சு, ட்ராக் செத்துச்சு, மேடையில இருந்த பத்து பேருக்கும் என்ன பண்றதுன்னே தெரியல. கிளம்பிட்டேன்.

மூணாவது வாரம் வியாசர்பாடியில கானா. டோல்கி, புல்புல்தாரான்னு கட்டைய அழுத்தி வாசிக்கற தந்தி வாத்தியம், கூட ரெண்டு பேர், அவ்ளோதான் செட்டு. சாவு வீட்ல விடிய விடிய பாடிப் பழகுன தொண்டைங்க, மைக்கு அவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ராதான். மாரியாத்தா மேல ஒண்ணு, ஆட்டோ டியூ கட்ட முடியாதவன் பத்தி ஒண்ணு, அந்தத் தெரு பேரு, டீக்கடை, கமிட்டி தலைவர் தொப்பை எல்லாத்தயும் அங்கயே கோத்து பாடினாங்க, தலைவரே வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஆடினாரு. சவுண்டு மட்டும் சுமார், எக்கோவ ஏத்தி விட்டு பாதி வார்த்தை புரியல, நல்ல வரி எல்லாம் அதுல போச்சேன்னு வயித்தெரிச்சல்.

போறவங்களுக்கு சொல்றேன், முன்னாடி இருக்கற சேரெல்லாம் விழாக்குழுவுக்கு, உக்காந்தா எழுப்பி விட்டுருவாங்க. ஸ்பீக்கர் பாக்ஸ் கிட்ட போகாதீங்க, ரெண்டு நாளைக்கு காது கொய்ங்னு இருக்கும். மேடைக்கு சைடுல, ரிதம் வாசிக்கறவங்க கை தெரியற மாதிரி நில்லுங்க. பாத்ரூம்லாம் கிடையாது, அந்தத் தெருவுல ஒரு சொந்தக்காரங்க வீடு இருந்தா உத்தமம். ஃபேமிலியோட தாராளமா போலாம், குடிச்சிட்டு ஆடற குரூப்பு எப்பவும் ஒரு ஓரமா இருக்கும், அந்த ஓரத்த மட்டும் விட்ருங்க. முடிஞ்சதும் மணி அடிச்சிட்டு குல்ஃபி வண்டி வரும், மட்காவ விட குச்சி பெட்டர்.

இந்த ஆடிக்கு தேதி கேக்க அத்தைக்கு போன் போட்டேன், எந்த ட்ரூப்புன்னு கேட்டதுக்கு, "பேரெல்லாம் யாருக்குடா தெரியும், குச்சி வச்சு தட்டுவானே அந்தப் புள்ள வரானான்னு கமிட்டியில கேட்டேன், வரானாம், நீ ஆறரைக்கே வந்துடு"ன்னு சொல்லி வச்சிட்டாங்க.