ஆடும் மகசின் குழாய்: லொக்டைட்டா, பித்தளைத் தகடா?
கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் மச்சான், தன் வின்செஸ்டர் 94 துப்பாக்கியின் மகசின் குழாய் (சுடுகுழலுக்குக் கீழே ரவைகள் அடுக்கும் குழாய்) கடகடவென்று ஆடுது என்று கொக்குவிலில் லேத் வேலை செய்யும் என்னிடம் கேட்டான். முதலில் ரவைகளை முழுதாக எடுத்துவிட்டு, சுடுகுழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறையையும் பார்க்க வேண்டும், இதில் விளையாட்டே கூடாது. சரி, சுடும் அதிர்வில் குழாயைப் பிடிக்கும் முன் ஸ்குரூ தளர்ந்திருந்தால் நீல லொக்டைட் (ஸ்குரூ புரி தளராமல் பிடிக்கும் பசை)தான் நல்லது. புரியில் எண்ணெய் இல்லாமல் துடைத்து ஒரு துளி விட்டால் போதும், பிறகு தேவைப்பட்டால் சாதாரண ஸ்குரூ ட்ரைவராலேயே கழற்றலாம். சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். இடைவெளியில் செருகும் பித்தளைத் தகடு, ஸ்குரூ இறுகிய பிறகும் குழாயைச் சுடுகுழலோடு பிடிக்கும் வளையத்துக்குள் குழாய் அசைந்தால் மட்டும்தான். அதையும் மெல்லிசாக வெட்டுங்கள். தகடு தடித்து, குழாய் சுடுகுழலை நெரித்தால், சூடேறும்போது குறி விலகும். நானென்றால் லொக்டைட்டில்தான் தொடங்குவேன்.