லோட்டஸ் நோட்ஸ் ஆர்4 இன்டர்நேஷனல் எடிஷன்: லேட்டா ஒரு ரிவியூ

1996ல வந்த ஆபீஸ் மெயில், டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்கு இப்ப எதுக்கு ரிவியூன்னு கேக்காதீங்க, அந்த மஞ்ச ஐகானோட மல்லுக்கட்டுன ஆளுங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். ரெப்ளிகேஷன் செம. டயல்அப்ல கனெக்ட் பண்ணி மெயில், டேட்டாபேஸ் எல்லாத்தையும் இழுத்துட்டு லைனை கட் பண்ணிட்டு நிம்மதியா வேலை பாக்கலாம். பாஸ்வேர்ட் பாக்ஸ் இன்னும் அழகு, அடிக்க அடிக்க பக்கத்துல எகிப்து சித்திர எழுத்து மாதிரி குட்டி குட்டி படம் மாறும், எப்பவும் வர்ற படம் வரலன்னா அது போலி பாக்ஸ்னு உஷாராகிடலாம். ஆனா ரெஃப்ரெஷ்னு நினைச்சு எஃப்5 தட்டுனா லாக் ஆயிடும், ரெஃப்ரெஷ் எஃப்9ல இருக்கு, ஏன்யா இப்படி?

இப்ப முக்கியமான மேட்டர். அப்ப அமெரிக்கா என்க்ரிப்ஷனை, அதாவது மெசேஜை அடுத்தவங்க படிக்க முடியாம பூட்டுற டெக்னிக்கை, ஆயுத லிஸ்ட்ல வச்சிருந்துச்சு, பூட்டோட சாவி 40 பிட்டுக்கு மேல நீளமா இருந்தா வெளிநாட்டுக்கு அனுப்ப ஈசியா பர்மிஷன் கிடைக்காது. 40 பிட் எவ்ளோ வீக்குன்னா, 1995லயே ஃபிரான்ஸ்ல ஒருத்தர் நெட்ஸ்கேப் பிரவுசரோட எக்ஸ்போர்ட் வெர்ஷன் பூட்டை 8 நாள்ல உடைச்சுட்டாரு. அதனால லோட்டஸ் ஒரு டீல் போட்டாங்க, அமெரிக்கா கனடாவுக்கு முழு 64 பிட், நம்மள மாதிரி மத்த ஊருக்கும் 64 தான், ஆனா அதுல 24 பிட்டை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவோட பப்ளிக் கீல (அவங்க மட்டுமே திறக்க முடியுற பூட்டு) பூட்டி ஒவ்வொரு மெசேஜோடயும் சேர்த்தே அனுப்பிடும். திருடன் 64ம் உடைக்கணும், என்எஸ்ஏ 40 உடைச்சா போதும், அதாவது 1.67 கோடி மடங்கு ஈசி. அந்த கீக்குள்ள வச்சிருந்த பேர் என்ன தெரியுமா? பிக் பிரதர், கம்பெனி பேர் மினிட்ரூத், ரெண்டுமே ஆர்வெல்லோட '1984' நாவல்ல மக்களை வேவு பாக்குற தலைவரும் பொய் பரப்புற அமைச்சகமும். குசும்பு!

இதை ஒளிச்சு வச்சாங்கன்னு சொல்ல மாட்டேன், நோட்ஸை உருவாக்குன ரே ஓஸி மேடையிலயே சொல்லிட்டாரு. மத்தவங்க குடுத்த வெறும் 40க்கு இது மேல்ங்கிற வாதத்துலயும் நியாயம் இருக்கு. ஆனா வாங்குன ஆபீஸ்ல எத்தனை பேருக்கு இது போய் சேந்துச்சு? ஸ்வீடன்ல எம்பிக்களும் வரி ஆபீஸும் யூஸ் பண்ணிட்டு 1997ல பேப்பர்ல வந்தப்புறம்தான் அங்க பெரிய ரகளையே ஆச்சு.

2000 ஜனவரில அமெரிக்கா ரூல்ஸை தளர்த்துனதும் இந்த ரெண்டு எடிஷன் கூத்து முடிஞ்சுது. 2019ல நோட்ஸை ஐபிஎம் கிட்டருந்து வாங்குனது யாருன்னா நம்ம திருச்செந்தூர் பக்கத்து ஷிவ் நாடார் ஆரம்பிச்ச எச்சிஎல்.

ரெப்ளிகேஷனுக்கு 4.5 ஸ்டார், எஃப்5க்கு 1, பூட்டுக்கு 2, அதுவும் வெளிப்படையா சொன்னதுக்காக.