நாய்க்குப் பந்தனா தைக்க ஆன்லைனில் கட்பீஸ் வாங்குகிறவர்களே, உஷார்! எனக்கு 1,850 ரூபாய் போச்சு

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கட்பீஸ் விற்கிற ஒரு ஆன்லைன் பக்கத்துக்காரன் 1,850 ரூபாயை வாங்கிக்கொண்டு, இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டான்.

எங்கள் நாய் மணிக்குப் பழைய சட்டைத் துணியில் பந்தனா, அதாவது கழுத்தில் போடுகிற முக்கோணத் துணி, தைத்துப் போட்டிருந்தேன். முடிச்சுப் போடுகிற ரகம் இல்லை. உள்பாவாடைக்கு நாடா கோக்க மடித்துத் தைப்போமே, அது மாதிரி மேல் ஓரத்தைத் தைத்துக் கழுத்துப் பட்டையை உள்ளே நுழைத்துவிடுவது. பாளையங்கோட்டை வெயிலுக்கு அதை நனைத்துப் போட்டால் நாய்க்குக் கழுத்து கொஞ்சம் குளிரும். அதற்குக் காட்டன்தான் வேண்டும். பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது.

தெருவில் மற்றவர்களும் தங்கள் நாய்களுக்குக் கேட்டதால், ‘சுத்த காட்டன், கட்டம் போட்டது, மூன்று கிலோ’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பேசினேன். அவனாகவே வீடியோ கால் போட்டான். துணியைக் கையில் கசக்கி, “பாருங்கக்கா, எப்படிக் கசங்குது! காட்டன்னாதான் இப்படிக் கசங்கும்” என்றான். நான் பேசுகிற பேச்சைக் கேட்டுவிட்டு, “அக்கா நம்ம பக்கமா? எங்க ஆச்சி ஊரு அம்பாசமுத்திரம்லா!” என்று சிரித்தான். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, கோயில் பக்கம் என்றான். அம்பாசமுத்திரத்தில் எந்தக் கோயில் பக்கமோ! அந்தச் சிரிப்புக்குத்தான் 1,850 ரூபாயும் போனது.

வந்த மூட்டையில் மேலாக இரண்டு துண்டு நல்ல துணி. அதற்குக் கீழே எல்லாம் கையகல நாடாக்கள், பனியன் வேஸ்ட். இருபது அங்குலச் சதுரம் இருந்தால் குறுக்கே வெட்டி இரண்டு நாய்க்குத் தைக்கலாம். இதில் ஒரு எலிக்குக்கூடத் தைக்க முடியாது. கொஞ்சம் அகலமாக இருந்த ஒன்றை டெய்லர் அண்ணாச்சியிடம் காட்டினேன். ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். “காட்டன்னா எரிஞ்சு சாம்பலா உதிரணும்மா. இது உருகிக் கருப்பா உருண்டு நிக்கு பாருங்க” என்றார்.

அப்புறம் அவனுக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. கூரியரில் மாறியிருக்கும். ஓனர் ஊரில் இல்லை. மூட்டையைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது. ‘ஓனர்’ என்று வேறு நம்பரில் பேசியதும் அதே குரல்தான்! ஆச்சி ஊரைக் கேட்டேன், வைத்துவிட்டான்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தனி ஆள் நம்பருக்கு முன்பணம் போடாதீர்கள். நூலை எரித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.

தங்கச்சி போனில் பார்த்தேன், அதே படங்களோடு வேறு பேரில் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ‘ஆடி ஆஃபர்’ என்று 1,650 ரூபாயாம். யாரும் போட்டுவிடாதீர்கள்.