அரைப்புச் சோதனைக்குத் தாது கொடுப்பவர்களே, மிச்ச மூட்டையைத் திருப்பிக் கேளுங்கள்

கோலாலம்பூரில் ஒரு சோதனைக்கூடத்தை நம்பி என் மாமா பெரிய பணத்தை இழந்திருக்கிறார். கூடத்தின் பெயரை இங்கே போடவில்லை, ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலைக்கு மாதிரி தூக்கிக்கொண்டு வருகிற சின்ன முதலாளிகள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள்.

மாமா பகாங்கில், ரவூப் பக்கம், சின்னதாக ஒரு தங்கத் தாது ஆலை போட்டார். மணிக்கு 10 டன் அரைக்க வேண்டும், 80 சதவீதம் 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கு எவ்வளவு பெரிய பால் மில் (எஃகு குண்டுகள் உருண்டு தாதுவைப் பொடியாக்கும் சுழல் உருளை), எத்தனை கிலோவாட் மோட்டார் என்று முடிவு செய்ய தாதுவின் பாண்ட் எண் தெரிய வேண்டும். அல்லிஸ் சால்மர்ஸ் என்ற இயந்திர நிறுவனத்தில் இருந்த ஃப்ரெட் பாண்ட் 1952-இல் வெளியிட்ட கணக்கு இது, ஒரு டன் தாதுவை அரைக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை இன்றும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் போடுகிறார்கள். எண் கூடினால் தாது கடினம். நானே 25 கிலோ தாதுவை வேனில் போட்டு காராக் நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுவந்து இறக்கினேன். 1,800 ரிங்கிட் கேட்டார்கள், நான்கே நாளில் அறிக்கை வந்தது: பாண்ட் எண் 9.8. நல்ல மென்மையான தாது என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். கணக்குப்படி டன்னுக்கு 9 கிலோவாட் மணி சொச்சம், அதனால் 110 கிலோவாட் மோட்டாரோடு ஒரு பழைய மில்லை வாங்கிப் பூட்டினோம்.

ஓட்டிப் பார்த்தால் மணிக்கு 6 டன்தான். அதற்கு மேல் போட்டால் அரைபடாமல் கரகரவென்று மணலாக வெளியே வருகிறது. குண்டு போதவில்லையோ, தண்ணீர் அதிகமோ, மில்லின் உள்பக்கத் தகடான லைனர் தேய்ந்துவிட்டதோ என்று மூன்று மாதம் மாமா தூங்கவே இல்லை. எனக்கு அறிக்கையின் மேல் சந்தேகம் வந்து, மிச்ச மாதிரியைக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் வந்த 11 கிலோ மூட்டையைப் பிரித்தால் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குவார்ட்ஸ் துண்டுகள், ஒன்றுகூட பொடியாக்கப்படவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த தம்பி ஒளிக்காமலே சொன்னார்: "பெரிய துண்டெல்லாம் சோதனை மில்லுக்குள்ள போகாதுண்ணே, அதான் சலிச்சு எடுத்துட்டோம்."

அநியாயம் இங்கேதான் நடந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குத் தாது முழுவதும் 3.35 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் மேலே நிற்பதைத் திரும்பத் திரும்ப உடைத்து, கடைசித் துண்டு வரைக்கும் இறக்க வேண்டும். இவர்கள் ஒரே தடவை கிரஷரில் போட்டு, உடையாததை ஒதுக்கிவிட்டு, தானாக நொறுங்கியதை மட்டும் அரைத்துப் பார்த்திருக்கிறார்கள். உடையாத துண்டுதானே கடினமான தாது! மில்லுக்குள் போகப்போவதும் அதுதானே!

அப்புறம் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் கோளாறு. முறையான சோதனையில் 305 மில்லிமீட்டர் விட்டமும் அதே நீளமும் உள்ள மில்லில், சுமார் 20 கிலோ எஃகு குண்டுகளோடு, 700 மில்லிலிட்டர் தாதுவை அரைத்துச் சலித்து, இறங்கின அளவுக்குப் புதுத் தாதுவைச் சேர்த்து மறுபடி அரைப்பார்கள். சல்லடையில் நின்று திரும்ப மில்லுக்குப் போகும் தாது, இறங்கினதைப் போல 250 சதவீதத்தில் நிலைத்து, மில்லின் ஒரு சுழற்சிக்கு எத்தனை கிராம் புதிதாக இறங்குகிறது என்பது கடைசி மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றாக வரும் வரைக்கும் விடக்கூடாது. ஏழெட்டுத் தடவை ஆகிவிடும். எங்கள் அறிக்கையில் இரண்டே தடவை. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், எண்ணை மட்டும் பார்த்துவிட்டேன்.

அதே குவியலிலிருந்து இன்னொரு மாதிரி எடுத்து ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் உள்ள ஒரு கூடத்துக்கு அனுப்பினோம். 16.4 வந்தது. அந்த அறிக்கையில் ஒவ்வொரு தடவையின் கிராம் கணக்கும், உள்ளே போன தாதுவின் துண்டுப் பருமனும் வெளியே வந்ததன் பருமனும், எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்பதும் வரிசையாக இருக்கிறது. 16.4-ஐ வைத்துப் போட்டால் டன்னுக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல், மணிக்கு 10 டன்னுக்கு 150 கிலோவாட்டுக்கும் கூடுதலாக வேண்டும். எங்கள் 110 கிலோவாட் மோட்டார் 6 டன்னில் முக்கினதில் ஆச்சரியமே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 3.35 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பதை என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தடவைவாரியான கணக்கும் மிச்ச மாதிரியும் தருவோம் என்று எழுதி வாங்குங்கள், பெரிய கூடமாக இருந்தாலும் சரி.

அவர்கள் 1,800 ரிங்கிட்டைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள், ஆனால் அறிக்கை தவறு என்று எழுதித் தர மறுக்கிறார்கள். மாமா இன்னும் பணத்தை வாங்கவில்லை.