சிண்டுவின் முழங்கால் ஆபரேஷன்: சிகிச்சைக்கு முழு மதிப்பெண், வீட்டுக்கு அனுப்பியதற்குப் பாதி

எங்கள் பூனை சிண்டுவுக்கு 9 வயது, 6 கிலோ. அலமாரி மேலிருந்து குதித்த மறுநாள் பின்னங்கால் ஒன்றை ஊன்றவே இல்லை. விரல் நுனி மட்டும் பட்டும் படாமலும் நடந்தாள். முதலில் காட்டிய இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, சுளுக்கு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். பத்து நாளாகியும் அப்படியேதான்.

அப்புறம் போன மருத்துவமனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். டாக்டர் லேசாக மயக்கம் கொடுத்து, ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். மேசை டிராயர் திறப்பதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. என் விரலையும் வைத்து உணரச் செய்தார். உள்ளே லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார், அறுந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது, எலும்பு முறியவில்லை என்று பார்க்கத்தான் அது என்றார்.

உடனே கத்தியை எடுக்கவில்லை என்பதற்காகவே அவரைப் பரிந்துரைப்பேன். பல பூனைகளுக்குக் கூண்டு ஓய்வும் எடைக் குறைப்புமே போதும், 6 வாரம் பார்ப்போம் என்றார். பார்த்தோம். நொண்டல் குறையவில்லை. ஆபரேஷனுக்கு முன் இதய ஸ்கேனும் எடுத்தார். வெளியே தெரியாமலே பூனைகளுக்கு இதயச் சுவர் தடித்திருக்கலாம், அப்படியிருந்தால் மயக்க மருந்து ஆபத்து.

மூட்டைத் திறந்து, கிழிந்திருந்த குருத்தெலும்புத் துண்டை நீக்கினார். அப்புறம் தடித்த நைலான் இழையை, தொடை எலும்பின் பின்னாலுள்ள குட்டி எலும்பைச் சுற்றி, கீழ்க்கால் எலும்பில் போட்ட துளை வழியாக இழுத்துக் கட்டினார். நாளாக நாளாக இழை தளர்ந்துவிடும். அதற்குள் மூட்டைச் சுற்றி வளரும் தழும்புத் திசுதான் காலைத் தாங்கும் என்று படம் போட்டு விளக்கினார்.

வருத்தமெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான். "ரெஸ்ட் கொடுங்க", அவ்வளவுதான். மூன்றாம் நாள் மணல் தொட்டியின் உயரமான விளிம்பைத் தாண்டப் போய் அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. போன் செய்த பிறகுதான் விளிம்பு தாழ்ந்த தட்டை வைக்கச் சொன்னார்கள். நாம் போடும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும் என்பதும் நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஐந்து மாதம் ஆகிறது. தூங்கி எழுந்ததும் முதல் நாலடி விறைப்பாக நடக்கிறாள், அப்புறம் சரியாகிவிடுகிறது. ஜன்னல் திண்டுக்கு ஒரு படி போட்டிருக்கிறோம். இரண்டு பின்னங்காலையும் ஊன்றியே ஏறுகிறாள்.